நல்ல கால்

கலைஞனின் உடம்பு அவனுக்குச் சொந்தமில்லை, அது காலத்துக்குச் சொந்தம். அதைத் தொடும் உரிமை மருத்துவனுக்குக் கிடையாது, மரணத்துக்கு மட்டுமே உண்டு.

மாஸ்டர் இதைத் தொலைபேசியில் ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது முழங்கால்மேல் உறைந்த பச்சைப் பட்டாணிப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பட்டாணி. எதிர்முனையில் இருந்தவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் போலிருக்கிறது. எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னார். 'மரணத்துக்கு' என்ற இடத்தில் கையை உயர்த்தியதால் பட்டாணி நழுவி விழுந்தது. அம்மா அதை எடுத்துத் துணியில் சுற்றித் திரும்ப வைத்தார்.

அம்மா என்றால் மாஸ்டரின் மனைவி. நடனக் குழுவில் ஆடுகிற பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டார்கள், அவர்களைப் பார்த்துத் தெருவும் கூப்பிட்டது, போகப்போக மாஸ்டருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. அம்மாவுக்கென்று ஒரு பேர் இருந்ததை அவருடைய தம்பி மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தார். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வீடு மாடியில். கீழே ஒத்திகைக் கூடம். இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கைப்பிடி போட்ட குறுகலான படிக்கட்டு. கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, கீழே பலகைத் தரை. பலகைக்கு அடியில் நேராகக் காரை என்பதால் குதித்தவர்களுக்கு அது உடனே தெரியும். வாசல் கதவுக்கு மேலே நீல வண்ணத்தில் மாஸ்டரின் இன்னொரு வாக்கு: 'வீக்கம் என்பது சோம்பலின் செல்லப்பெயர்.' மழைக்காலமானதால் அந்த எழுத்துக்கு நேர் கீழே கதவு ஊதிப்போய், சட்டத்துக்குள் அடங்காமல், எப்போதும் ஒரு சாண் திறந்தே கிடந்தது. கதவை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. ஆடும் பிள்ளைகளைத்தான் சொன்னார். கணுக்காலில் கட்டுடன் யாராவது வந்தால் அந்த எழுத்தை உரக்கப் படிக்கச் சொல்லுவார். அதனால் பிள்ளைகள் கட்டை அவிழ்த்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

மாஸ்டரை மாஸ்டராக ஆக்கியது 'மலை' என்ற ஒரு நடனம். அதன் முடிவில் அவர் வலது முழங்காலை மடித்து மண்டியிட்டு, தலை குனிந்து, அசையாமல் இருப்பார். பிறகு மத்தள ஓசை ஏற ஏற, கையை எங்கும் ஊன்றாமல், எழுவதே கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவாக எழுந்து நிற்பார். ஒரு கெண்டித் தண்ணீர் கொதிக்கிற நேரம் ஆகும் என்று அவருடைய மச்சான், அம்மாவின் அந்தத் தம்பி, மேடைக்கு விளக்கு போடுகிறவர், சொல்லுவார். லைட்காரர் என்றே அவருக்குப் பேர். எழுந்து முடித்ததும் அரங்கமும் எழுந்து நிற்கும். முழங்காலுக்கும் முதுகெலும்பு உண்டு என்று நிரூபித்தவர் என ஒரு விமர்சகர் எழுதினார். உடற்கூறு தெரிந்தவர்கள் அன்றைக்கு ஊரில் இல்லை.

மழை விட்டதும் குழுவின் ஆண்டு விழா. அதில் மலை. அரங்க நிர்வாகத்தினர் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள்: மாஸ்டருக்குச் சிரமமென்றால் சின்னவரை ஆடச் சொல்லலாம். சின்னவர் மாஸ்டரின் மூத்த மாணவர், கல்யாணம் ஆகி ஒரு குழந்தையும் இருக்கிற ஆள். அவர் முட்டி வெள்ளாட்டு முட்டி மாதிரி இருக்கும். சின்னவர் ஒரு தடவை எழுந்துவிட்டால் அதற்கப்புறம் மாஸ்டர் எழ வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீக்கம் வந்தது கோபத்தால். மண்டி போடுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போனவர், 'இப்படி' என்று ஒரு தடவை, 'இப்படி' என்று இன்னொரு தடவை, அவர்களுக்குப் புரியவில்லை என்பதற்காக அந்தச் சாயங்காலம் முழுக்கப் பலகையில் முட்டியை இறக்கிக்கொண்டே இருந்தார். விடிந்தபோது முட்டி பன் மாதிரி உப்பியிருந்தது. அம்மாவை வெந்நீர் ஊற்றச் சொன்னார். மச்சானைக் கூப்பிட்டு எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னார். லைட்காரர் விளக்குக் கம்பத்தைத் துடைக்கிற வேகத்தில் தேய்த்தார். மறுநாள் பன் பெரிய பன்னாக ஆகியிருந்தது.

அதற்கப்புறம்தான் பிசியோ வந்தார். தெருமுனை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண், வேலை முடிந்து வீடுகளுக்கும் வருவார். தோளில் பை, குடை, எதையும் பாதியில் விடாத முகம். கீழே தெருவில் மருந்துக்கடைக்காரர், மாடியில யாருக்கும்மா என்று கேட்டார். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் மாடி ஜன்னலில் இருந்து மாஸ்டரின் மேடைக்குரல் வந்தது: "அம்மாவுக்கு. வலது முட்டி."

அந்த நொடியிலிருந்து அம்மாவுக்கு வலது முட்டி கெட்டுப்போனது.

பிசியோ முட்டியின் மேல்பக்கத்தை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறு கை விரலால் முட்டிச் சில்லை அழுத்தினார். தண்ணீரில் மிதக்கிற மூடி மாதிரி அது ஒரு ஆட்டம் ஆடி, உள்ளே டொக்கென்று எலும்பைத் தட்டியது.

"நீர் கோத்திருக்கு சார்."

இது கலையின் களைப்பு என்றார் மாஸ்டர்.

"எதோட களைப்பா இருந்தாலும் நீர் நீர்தான் சார்."

வெந்நீரை நிறுத்தச் சொன்னார். தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். லைட்காரர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். மண்டி கூடாது, குதிக்கக் கூடாது, தலையணை அடுக்கி நெஞ்சை விட உயரமாகக் காலை வைத்துப் படுக்க வேண்டும், பாதத்தை மட்டும் மேலும் கீழுமாக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அதைக் கீழே அழுத்த வேண்டும். வீங்கிய முட்டி தொடைச் சதையைத் தூங்க வைத்துவிடும், அதை எழுப்பத்தான் இது. பட்டாணி வலிக்கு மட்டும்தான், கொஞ்ச நேரம், துணியோடு. அது நீரை உறிஞ்சிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

"நேத்து செஞ்சது அதிகமா இல்லையான்னு காலையில முட்டியே சொல்லிடும் சார். என்னைக் கேக்காதீங்க, அதைக் கேளுங்க."

மாஸ்டருக்கு இது பிடித்துப்போனது. அந்த வாரமே பிள்ளைகளிடம், உடம்பு விடியற்காலையில் பேசும், கேட்கக் காது வேண்டும் என்று தன் சொந்த அனுபவமாகச் சொன்னார். சின்னவர் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

நல்ல முட்டி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டியிருந்தது. மாஸ்டரின் இடது முட்டியும் லேசாக உப்பினாற்போல் இருந்ததால் பிசியோ அம்மாவைப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டச் சொன்னார். அம்மா வலது காலை நீட்டினார். முட்டிச் சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரல் பதித்த மாதிரி சின்னச் சின்னக் குழி.

"இந்தக் குழி உங்களுக்கும் திரும்ப வரணும் சார். வந்தாத்தான் மத்ததெல்லாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் பிசியோ வந்ததும், அக்கா அந்த நல்ல காலைக் கொஞ்சம் காட்டுங்க என்பார். அம்மா வலது காலை நீட்டுவார். வீட்டுக்குள் அது நல்ல கால். வாசல் தாண்டினால் அதுவே கெட்ட கால்.

வாசல் தாண்டுவதற்கு ஒத்திகை வைத்தார் மாஸ்டர். மூன்று தலையணைமேல் காலைப் போட்டபடி, அம்மாவை ஜன்னலுக்கும் சமையலறைக்கும் இடையே நடக்கவிட்டார். முதல் நடை பிடிக்கவில்லை. வலியை முகத்தில் காட்டாதே, முகத்தில் வந்தால் அது சினிமா, தோளில் வரவேண்டும், வலது கால் தரையைத் தொடும்போது மூச்சு உள்ளே போகவேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் என் மூச்சையா பார்க்கப் போகிறார் என்று அம்மா கேட்டார். பார்க்கிறவன் முட்டாளாக இருக்கலாம், ஆடுகிறவன் இருக்கக் கூடாது என்று பதில் வந்தது. ஏணிமேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்த லைட்காரருக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அக்கா ரொட்டி வாங்கத்தான் போகுது. மேடைக்கில்ல."

"தெருவும் மேடைதான் மாப்ளே."

"அப்ப தெருவுக்கும் நானே லைட் போடணும்னு சொல்லிடாதீங்க."

அம்மா நன்றாகவே நொண்டினார். எத்தனையோ வருஷம் கழித்துக் கிடைத்த வேஷம். ரொட்டிக்கடையில் நாற்காலி போட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் பையை வாங்கிக்கொண்டு வந்து வாசல்வரை விட்டார். மருந்துக்கடைக்காரர், மாஸ்டர் மாதிரி ஒரு மனுஷனுக்கு இப்படி ஒரு கஷ்டமா என்று மாஸ்டருக்காக வருத்தப்பட்டார்.

பிள்ளைகள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். பிசியோ இருக்கிற நேரம் பார்த்தே வந்தார்கள். முதலில் வந்த பெண் அம்மாவின் உடம்பை விசாரித்துவிட்டு, போகும்போது பிசியோவிடம் தன் கணுக்காலைக் காட்டினாள். அவள் சொல்லி இன்னொருத்தி, அவள் சொல்லி ஒரு பையன். மாடியில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாஸ்டர் துண்டை அழுத்திக்கொண்டிருக்கையில், சமையலறையில் அவர் குழுவில் பாதி பேர் நாற்காலியில் கால் தூக்கிப் போட்டுக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். சோம்பலுக்கு இத்தனை செல்லப்பெயர்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. சின்னவர்கூட ஒரு நாள் வந்து, குதிகாலைச் சும்மா ஒரு தரம் பார்க்கச் சொன்னார். சூப்பில் பட்டாணி இருந்தது. எந்தப் பட்டாணி என்று கேட்க லைட்காரருக்கு இரண்டு கிண்ணம் பிடித்தது. அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒரு நாள் பிசியோ கிளம்பிப் போனவர் அளவு நாடாவை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். மூடாத கதவு என்பதால் சத்தமில்லை. கூடத்தில் யாரும் கிடையாது. துவைக்க வேண்டிய ஆட்ட உடைகளை வாளியில் திணித்துத் தூக்கிக்கொண்டு அம்மா படி இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் கைப்பிடி. இடது பாதத்தை முதலில் கீழ்ப்படியில் வைத்து, பிறகு வலதைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தார். மறுபடி இடது. ஒவ்வொரு படியிலும் இரண்டு பாதமும் சேர்ந்து நின்று ஒரு மூச்சு.

பிசியோ கீழே நின்று சிரித்தார். "ஆளே இல்லாத இடத்துல எதுக்குக்கா நடிப்பு? அதுவும் கால் மாத்தி நொண்டுறீங்க. நோகுற காலைத்தான் முதல்ல இறக்கணும்."

அம்மா பாதிப்படியில் நின்றார்.

"நான் இப்ப நடிக்கலையே, கண்ணு."

வாளியை வாங்கி வைத்துவிட்டு, அம்மாவை அந்தப் படியிலேயே உட்காரவைத்து, பிசியோ இடது காலை நீட்டச் சொன்னார். முட்டிச் சில்லுக்கு இரு பக்கமும் குழியே இல்லை. அழுத்தினார். டொக்கென்றது. வலது தொடையையும் இடது தொடையையும் மாறி மாறிக் கையால் பிடித்துப் பார்த்தார். இடது இளைத்திருந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"சாரோடதை விட இதுல அதிகம் இருக்கேக்கா. எவ்வளவு நாளா?"

"மலை போட்ட காலத்திலேர்ந்து. வரும், போகும். இப்பக் கொஞ்சம் போகமாட்டேங்குது."

இல்லாத வலிக்காக வலது காலைக் காப்பாற்றி நொண்டியதில் எடை முழுவதும் இடதில் விழுந்திருக்கிறது. அதைப் பிசியோ சொல்லவில்லை. அம்மாவுக்கும் தெரியாமல் இருக்காது.

பாறையைப் பற்றி அப்போதுதான் சொன்னார் அம்மா. மலையில் மாஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு பாறை இருக்கும். மரச்சட்டம், மேலே பழுப்புத் துணி, லைட்காரர் செய்தது. ஆரம்பத்தில் அந்தச் சட்டம் கிடையாது. துணிக்கு அடியில் அம்மா இருந்தார், இடது முட்டியை ஊன்றி, குனிந்து. மத்தளம் ஏறும்போது, பார்க்கிறவர்களுக்குத் தெரியாத பக்கத்துக் கை வந்து அவர் தோளில் அமரும். அந்தக் கையில்தான் மலை முழுக்க எழும்.

"அப்ப சார் கை ஊனாம எழுந்திரிக்கிறார்னு சொல்றது?"

"உனக்கு அப்படித் தெரியணும். அதுக்குத்தானே துணி."

"இப்ப?"

"இப்பப் பாறைக்குள்ள ஒரு கைப்பிடி இருக்கு. என் தம்பி வச்சான். நான் முட்டி மடக்க முடியாமப் போன அப்புறம்."

அம்மா கொஞ்சம் சிரித்தார். "பாறை தத்ரூபமா இருந்துச்சுன்னு ஒருத்தர் எழுதினாரு. எனக்குன்னு வந்த விமர்சனம் அது ஒண்ணுதான்."

முட்டி வலியைச் சாரிடம் சொன்னீர்களா என்று பிசியோ கேட்டார்.

"சொன்னேனே. அப்பவே சொன்னேன். பாறைக்கு வலிக்குமான்னு கேட்டுச் சிரிச்சார். நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன். அதோட போச்சு."

இப்போதே மேலே போய்ச் சொல்கிறேன் என்று பிசியோ எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விழா முடியட்டும் என்றார். அவருக்கு இப்ப ஒரு முட்டிதான் தாங்கும், ரெண்டாவது முட்டியையும் நினைக்கச் சொன்னா படுத்துடுவார் என்றார். பிசியோவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்பதில்தான் குழப்பம். இத்தனை நாள் வந்து போகிறார். வரும்போதெல்லாம் நல்ல காலைக் காட்டுங்க என்றிருக்கிறார். மற்றக் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

"நான் எப்பவும் வலதையே கேட்டேன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

"நானும் அதைத்தானே நீட்டினேன்" என்றார் அம்மா.

இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பிசியோ பையிலிருந்து புது கிரேப் பேண்டேஜ் எடுத்து இடது முட்டிக்குக் கட்டினார். உடைக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும். விழா முடிந்த கையோடு எலும்பு டாக்டரிடம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, இப்படியே போனால் படி இறங்குவது என்பதே இல்லாமல் போய்விடும். அதுவரை வாளி தூக்கக் கூடாது. முக்கியமாக, வலது காலில் நொண்டுவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். திடீரென்று நிறுத்தினால் தெரு கேட்குமே என்றார் அம்மா. நொண்டுங்க, நிஜமா நோகுற காலில் நொண்டுங்க என்றார் பிசியோ.

மறுநாள் அம்மா இடது காலில் நொண்டிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனார். போன வாரம்வரை வலது. நாற்காலி போட்டவர் நாற்காலி போட்டார். மருந்துக்கடைக்காரர், இன்னிக்குக் கொஞ்சம் தேவலையா என்றார். அதைத் தவிர ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

மாஸ்டருக்கு நீர் வற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கத்தில் குழி தெரிந்தது. குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விழா நெருங்கியபோது பிசியோ தீர்ப்புச் சொன்னார். ஆடலாம், நடக்கலாம், திரும்பலாம். வலது முட்டியில் முழு எடையை இறக்கி மண்டி போட்டு எழுவது மட்டும் கூடாது. போட்டால் அன்றைக்கு எழுந்துவிடலாம். மறுநாள் காலையில் முட்டி பேசும், அதற்கப்புறம் நிறுத்தாது.

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மழை சாரலாக விழுந்துகொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தபோது மேடைக்குரல் வரவில்லை.

"அது இல்லேன்னா நான் யாரும்மா? கத்திக்கிட்டே இருக்கிற ஒரு வயசான ஆளு. அவ்வளவுதானே."

அவர் சொன்னதிலேயே யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது என்று நினைத்துச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். பிசியோ அவர் காலுக்கடியில் இருந்த துண்டைச் சரி செய்தார்.

"இடது முட்டி இப்ப சுத்தமா வத்திடுச்சு சார். அதுல மண்டி போட்டு எழுந்திருங்க. தொடைச் சதை தயாரா இருக்கு. தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம்."

"இத்தனை வருஷமா வலது. கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவன்கூடக் கண்டுபிடிச்சிடுவான்."

கதவருகே தேநீரோடு நின்ற அம்மா சொன்னார். "கண்டுபிடிக்க மாட்டாங்க. நான் இடது கால்ல நொண்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போறேன். ஒருத்தரும் கேக்கலை."

பிசியோ மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். இப்போது கேட்பார் என்று நினைத்தார். மாஸ்டரின் புருவம் மெல்ல ஏறியது.

"கால் மாத்திட்டியா?"

"ஆமா."

"வலதுன்னுதானே சொல்லிக் குடுத்தேன். இவ்வளவு ஒத்திகை பார்த்து, ஒரு காலைக்கூட ஞாபகம் வச்சுக்க முடியலையா உன்னால?"

அம்மா தேநீரை வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் அம்மாவின் பேச்சு உள்ளே போய் வேலை செய்தது. அன்று மாலையே மாஸ்டர் இடது முட்டியில் எழுந்து பார்த்தார். பாறை எதிர்ப்பக்கம் போயிற்று. வலது பக்கம் அடித்த விளக்குகளை எல்லாம் இடது பக்கம் மாற்றிக் கட்டவேண்டியிருந்ததால் லைட்காரர் ஏணியோடு மல்லுக்கட்டினார். ஊருக்கே தெரியாத ஒரு காலுக்காக என் தோள்பட்டை போச்சு என்றார்.

விழா அன்று மழை நின்றிருந்தது. நாற்காலி போதவில்லை. மாஸ்டர் இடது முட்டியில் மண்டியிட்டார், தலை குனிந்தார், மத்தளம் ஏறியது, பாறைக்குள் கை போனது, மலை எழுந்தது. வெறும் வேஷம் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொடை நடுங்கியதும், நடுக்கத்தை அவர் மூச்சால் அடக்கியதும் நிஜம். ஓரத்தில் நின்ற பிசியோ தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரங்கம் எழுந்து நின்றது. சின்னவர் அழுதார். எதற்கென்று அவரே விளக்கவில்லை.

தலைமை விருந்தினர் நீளமாகப் பேசினார். இத்தனை ஆண்டுகளாக மாறாத அந்த வலது முழங்காலுக்கு இந்த மண்ணே தலைவணங்குகிறது என்றார். மாஸ்டர் கை கூப்பி ஏற்றுக்கொண்டார். பிறகு, கணவரின் கலைக்காகத் தன் வலியை மறைத்து வாழும் அம்மாவை மேடைக்கு அழைத்தார்கள். அம்மா இடது காலைச் சன்னமாக இழுத்துக்கொண்டு படியேறி வந்தார். பெரிதாக ஒன்றும் தெரியாத நடை. மாஸ்டர் கை கூப்பிய நிலையிலேயே பக்கத்தில் நின்ற மச்சானிடம் வாயசைக்காமல் சொன்னார்: "முன்ன எவ்வளவு நல்லா நொண்டினா. இன்னிக்குப் பார்த்து சொதப்புறா."

லைட்காரர் போய் ஒரு விளக்கை அணைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பிசியோ வந்து, மாஸ்டரின் முட்டியை அழுத்திப் பார்த்து, நல்லா இருக்கு சார் என்றார். பிறகு பையை மூடாமல், அம்மாவை உட்காரச் சொல்லி, இடது முட்டியின் கட்டை அவிழ்த்தார். நீர், இளைத்த தொடை, பாறை, எல்லாவற்றையும் அலங்காரமில்லாமல் சொன்னார். எலும்பு டாக்டரிடம் நாள் குறித்தாகிவிட்டது என்றார். மாஸ்டர் அவர் விரல் போகிற இடமெல்லாம் பார்த்தார். தேநீரில் ஆடை படிந்தது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன்" என்றார் அம்மா.

மாஸ்டர் அழுதார். அழுகை நிஜமானதுதான், ஆனால் பழக்கதோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இனி இந்தக் கால் என் பொறுப்பு, வேறு ஒரு கை இதைத் தொடக் கூடாது, தினமும் நானே கட்டுவேன் என்றார். பிசியோ அவருக்குக் கட்டக் கற்றுக்கொடுத்தார். முட்டிக்குக் கீழே ஆரம்பிக்கணும், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடணும், மேலே போகப் போக இறுக்கம் குறையணும், விரல் வெளுத்தால் உடனே அவிழ்க்கணும். மாஸ்டர் மேஜைக்காலில் கட்டிக் கட்டிப் பழகினார். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. கையில் அவருக்கு எப்போதுமே நேர்த்தி உண்டு.

மறுநாள் காலை கூடத்தில், கண்ணாடிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தார். வாசலுக்கு மேலே இருந்த நீல எழுத்தை அழிக்கச் சொல்லி லைட்காரரை ஏணியில் ஏற்றியிருந்தார். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் மூடாத கதவுக்கு வெளியே கூடி நின்றார்கள். சத்தம் போடாதீங்க என்று சின்னவர் சைகை காட்டினார். மாஸ்டர் கிரேப் பேண்டேஜை எடுத்துக்கொண்டு வந்து, கூடாது என்று சொன்னதையும் மீறி, அம்மாவின் காலடியில் மண்டியிட்டார். ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கீழே ஆரம்பித்து, பாதிக்குப் பாதி மூடி, அவசரமில்லாமல், ஒரு சுருக்கம்கூட விழாமல் சுற்றிக்கொண்டு போனார். அம்மா அவர் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிசியோ வந்தபோது பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் குனிந்து கட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இறுக்கம் சரியாக இருந்தது. சுற்று சரியாக இருந்தது.

கட்டு வலது காலில் இருந்தது.